விட்டதைப் பிடிக்கப் போனால்

(சங்கப் பொன்விழாவையொட்டிச் செனாயில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் சூதாட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்று நாங்களும் யோசித்தோம். சூது ஹராம் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் விலக்குகிறது. ஆனால் முன்பு நம்மவர் ஒருவர் நாலு நம்பர் கடைப் படியேறினால் ஊர் பார்க்கும். இன்று அந்தக் கடை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. போர்வைக்குள் ஆடுவதை யார் பார்ப்பது?

தோற்றால் புத்தி வரும் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் நடப்பது வேறு. ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று தோற்றவர் இன்னும் கூட்டி வைக்கிறார். இழக்க இழக்கச் சூதின் மேல் ஆசை பெருகும் என்பதை வள்ளுவர் சூது அதிகாரத்தின் கடைசிக் குறளிலேயே சொல்லிவிட்டார். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979இல் இதையே விளக்கினார்கள். லாபம் என்றால் கைக்கு வந்தது போதும் என்போம். நட்டம் என்றால் அதை ஏற்க மனமில்லாமல் பெரிய ஆபத்தில் இறங்குவோம். எல்லோருக்கும் உள்ள இந்தப் பலவீனம், சூதுக்கு அடிமையானவரை விடாமல் இழுக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். 10 வெள்ளி தோற்றவர் அடுத்து 20, பிறகு 40 என்று இரட்டித்து வைக்கிறார். ஏழு முறை தோற்றால் போனது 1,270 வெள்ளி. எட்டாவது முறை 1,280 வெள்ளி வைத்து ஜெயித்தாலும் மிஞ்சுவது வெறும் 10 வெள்ளி!

நம் முன்னோர் ஊரான தமிழ்நாட்டில், ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகே நீதிபதி சந்துரு குழு 2022இல் அமைந்தது. 2023இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. நாமும் ஓர் உயிர் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். “அத்தா, தோற்றுவிட்டேன்” என்று பிள்ளை வாய் திறந்தால், முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள். அன்று விரட்டினால், மறைக்க ஆடுவான். அடைக்க ஆலோங்கிடம் போவான். அதற்காகக் கடனை அடைக்கக் கையில் ரொக்கம் கொடுத்துவிடாதீர்கள்; அதுவும் ஆட்டத்துக்கே போகும். சம்பளத்தைச் சில காலம் வீட்டார் பொறுப்பில் வையுங்கள். வங்கிக் கடன் இருந்தால் ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. ஆடாமல் இருக்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

போன பணம் போகட்டும். பிள்ளை போகக் கூடாது. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. நம் வீட்டு வாசலும் திறந்திருக்கட்டும். வஸ்ஸலாம்.