தண்ணீர் வருவதற்கு முன்



பள்ளி விழாவில் கோலாட்டம் முடிந்துவிட்டது. பரிசளிப்பு இனிமேல்தான். இடையில் தலைமையாசிரியர் எழுந்து ஆண்டறிக்கை வாசிப்பது வழக்கம். இந்த ஆண்டு அறிக்கையை எழுதி அலுவலக அறை வாசலில் ஒட்டியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம், கேள்வி கேட்கலாம். எனக்குத் தந்த நேரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

முதலில் தவறவிடக் கூடாத சில செய்திகள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், விடுமுறை தொடங்கும் முன்பே மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் என்னும் மாணவர் அடையாள எண் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று இங்கேயே நின்று பாருங்கள். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்பது இன்றைய கட்டணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்கும் அது வந்துவிட்டது. நடுவில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்கு இந்தக் கணக்கு இடிக்கும். இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அங்கன்வாடியிலிருந்து முதல் வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்கு ஆதாரில் கைரேகையும் கண் பதிவும் போட வேண்டும். ஐந்து வயது முடிந்ததும் செய்ய வேண்டிய வேலை அது. ஜூன் மாதக் கூட்டத்தில் நிற்காமல் மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, சாப்பாடு. இந்தப் பிள்ளைகள் காலையில் பொங்கலோ கிச்சடியோ உப்புமாவோ சாம்பாரோடு இங்கே சாப்பிடுகிறார்கள். மதியம் சத்துணவு, வாரத்துக்கு ஐந்து முட்டை. பள்ளிக் கதவு மூடும் நாளில் இந்த இரண்டு வேளையும் நின்றுபோகிறது. வேலைக்குப் போகும் தாய் விடியற்காலையில் வடித்து வைத்த சோற்றை மதியம் எட்டு வயதுப் பெண் எடுத்துப் போட்டுத் தம்பிக்கும் கொடுத்துத் தானும் சாப்பிடும் வீடுகள் இந்த ஊரில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் அப்படி இரண்டு பிள்ளைகள் இருந்தால், உங்கள் வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுங்கள்.

பெரியோர்களே, கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று வைத்திருக்கிறது. அதைக் கழித்தால் 165 நாள் மிஞ்சுகிறது. அந்த நாள்களில் பிள்ளை யார் பொறுப்பு? பெற்றோர் பொறுப்பு என்று சட்டென்று சொல்லிவிடலாம். பெற்றோர் வயலிலும் செங்கல் சூளையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளை ஊரின் பொறுப்பு. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நாம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள். 2004 ஜூலை 16 என்றால் இங்கே நாற்பது வயது கடந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. காசிராமன் தெருவில் ஒரு பள்ளி. மாடியில் கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு. சமையல் கூடத்தில் பிடித்த தீ மேலே தாவியது. 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. 2012-இல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை சாலையில் விழுந்து இறந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. பிள்ளை செத்த பிறகுதான் நமக்கு விதி வருகிறது.

விதி வந்தால் மட்டும் போதுமா? கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை மண்ணோ கல்லோ போட்டு மட்டம் வரை மூட வேண்டும், தோண்டும்போது வேலி போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில், நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு குழியில் விழுந்தது. தீபாவளி நேரம். நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதது. தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. அந்தக் குழிக்குள் மண் போடத்தான் ஆள் இல்லை. நம் ஊரில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் விட்ட குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மேலே ஒரு சாக்கும் அதன்மேல் ஒரு கல்லும் வைத்திருந்தால் அது மூடியது ஆகாது.

இனி ஆற்றுக்கு வருகிறேன். டெல்டாவில் பிறந்த பிள்ளையை ஆற்றிலிருந்து பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. ஆனால் நம் ஆறு ஆண்டுக்கு இரண்டு முறை ஆளே மாறிவிடுகிறது. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுகிறார்கள், ஜூன் 12-இல் திறக்கிறார்கள். இடையில் நாலரை மாதம் பிள்ளைகளுக்கு ஆறுதான் விளையாட்டு மைதானம். கிரிக்கெட் ஆடுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள், மணலில் கோயில் கட்டுகிறார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து நம் வாசலுக்கு வருகிறது. போன வாரம் ஓடி விளையாடிய இடம் என்ற தைரியத்தில் பிள்ளை உள்ளே இறங்குகிறது.

நானும் மூன்றாம் வகுப்பு ஆசிரியையும் சென்ற மாதம் படித்துறையிலிருந்து மதகு வரை ஆற்றுக்குள்ளேயே நடந்து பார்த்தோம். படித்துறையின் கடைசிப் படிகள் உடைந்து உள்ளே சரிந்திருக்கின்றன. தண்ணீர் நிறைந்தால் அந்த உடைசல் கண்ணுக்குத் தெரியாது. கால் வைத்த பிள்ளை நேரே பள்ளத்தில் இறங்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மணல் அள்ளிய குழி ஒன்று. விளிம்பு சுவர் போல நேராக வெட்டியிருக்கிறது. உள்ளே இறங்கி நின்ற ஆசிரியையின் தலை எனக்குத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீர் ஓடும்போது மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத்தான் இருக்கும். மதகுக்குக் கீழே தூர்வாரும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால் ஜேசிபி வாரிய இடத்தில் போன ஆண்டு இருந்த ஆழம் இந்த ஆண்டு இல்லை. நீச்சல் தெரிந்த பெரிய பையன்கள் பாலத்திலிருந்து குதிப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது. சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் காப்பாற்றுங்கள் என்று கூப்பிடாது. மூச்சு விடவே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். பார்த்தால் விளையாடுவது போலத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருப்பவருக்கு நாலடி தள்ளி இது நடக்கிறது. அதனால், சின்னப் பிள்ளை தண்ணீரில் இருந்தால் ஒரு பெரியவர் வேறு வேலை பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் உடனே திரும்பிப் பாருங்கள்.

நம் பக்கத்தில் அண்ணன், தங்கை, சித்தப்பா மகன் என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் போன செய்தியைப் படித்திருக்கிறீர்கள். ஒன்று தவறி விழும். அதைப் பிடிக்க இன்னொன்று குதிக்கும். பாசத்தில் குதிக்கிற பிள்ளையை முழுகுகிற பிள்ளை கழுத்தோடு கட்டிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவரையும் அந்தப் பிடி இழுத்துவிடும்.

குதிக்காமல் வேறு என்ன செய்வது? இதோ என் கையில் இருப்பது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். உள்ளே ஒரு கை அளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்கியிருக்கிறேன். பிடியில் கொச்சக் கயிறு கட்டியிருக்கிறேன். அந்தக் கொஞ்சம் தண்ணீர் இல்லாவிட்டால் கேன் காற்றில் திரும்பிவிடும், தூரம் போகாது. கரையில் நின்று இதை எறிந்தால் மிதக்கும். விழுந்த பிள்ளை பிடித்துக்கொள்ளும். கயிறு இல்லையென்றால் அம்மாவின் சேலை, மூங்கில் கழி, எது கிடைக்கிறதோ அது. நம் தாத்தாக்கள் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித்தானே நீச்சல் பழக்கினார்கள்! பிள்ளைகளே, காலை வழிபாட்டில் பழகியதை உங்கள் அம்மா அப்பா காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். எறி! கத்து! குதிக்காதே! இன்னும் உரக்க!

கரைக்கு இழுத்த பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியே எடுப்பது, இரண்டையும் இன்றோடு விடுங்கள். அதில் போவது தண்ணீர் இல்லை, நேரம். சமதரையில் படுக்க வையுங்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்து வாய் வழியே மூச்சு ஊதுங்கள். நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் வரும் சனிக்கிழமை காலை இங்கே வந்து பொம்மை வைத்துச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கப் போகும் நேரத்தில் உயிர் போய்விடலாம். நாய் கடித்தால், பிறாண்டியிருந்தாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடுங்கள். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் சொன்ன எல்லா நாளும் போக வேண்டும். எலிப்பசையைப் பல் துலக்கும் பசை என்று நினைத்து வாயில் வைத்த பிள்ளைகள் உண்டு. அதை வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் வண்டியில் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டம். பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தால், அவன் ஓட்டிப் பிடிபட்டால், 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ.

தாழ்ந்த குரலில் பேசிப் பழகிய ஒன்றை உரக்கவே சொல்கிறேன். விடுமுறையில் பிள்ளைகள் உறவினர் வீட்டில் தங்குகிறார்கள். ஒரு பிள்ளை, “அந்த மாமா வீட்டுக்கு நான் போகமாட்டேன்” என்று சொன்னால், திட்டாதீர்கள். ஏன் என்று மடியில் உட்காரவைத்துக் கேளுங்கள். அது சொல்வதை நம்புங்கள். சொந்தம் கெட்டுவிடும் என்று மறைக்காதீர்கள். தெரிந்தும் புகார் தராமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். 1098 எந்த நேரமும் எடுக்கும். பணம் இல்லாத போனிலிருந்தும் பேசலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த எண் மனப்பாடம். சோதித்துப் பாருங்கள்.

மே 1 கிராம சபை. உழைப்பாளர் தினம், வேலைக்குப் போகாத நாள், பள்ளியும் விடுமுறை. அன்று நாம் நான்கு தீர்மானம் கேட்கப்போகிறோம். ஊர் எல்லைக்குள் கைவிட்ட ஆழ்துளைக் குழிகளைக் கணக்கெடுத்து மண் போட்டு மூட வேண்டும். உடைந்த படித்துறைப் படிகளைத் தண்ணீர் வருவதற்கு முன் கட்ட வேண்டும். மணல் குழியின் விளிம்பைச் சரித்துவிட்டு, கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். மதகைத் திறப்பதற்கு முதல் நாளே மதகுக் காவலரான லஸ்கர் சொல்லி, ஊரில் மைக் போட்டு அறிவிக்க வேண்டும். நான்கில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

மனு அந்த மேசையில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பரிசளிப்பு முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை பக்கத்திலேயே இருக்கிறது. மே 1 காலை எல்லோரும் கிராம சபைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.