கொம்பியின் எண்ணெய் முள்



கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு பழைய வோக்ஸ்வாகன் கொம்பி ஓரங்கட்டி நின்றால், கடந்து போகிறவர்கள் எஞ்சின் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். ஐம்பது வயதுக் காடி, வேறென்ன ஆகியிருக்கும்! ஆனால் பல சமயம் எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. டாங்கி காலியாகியிருக்கும். மீட்டரில் முள் மட்டும் அரை டாங்கி எண்ணெய் இருப்பதாகச் சாதித்துக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறான கொம்பிகளும் உண்டு. நிரம்ப எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தாலும் முள் படுத்தே கிடக்கும்.

நம் ஊரில் கொம்பிக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. உள்ளே கட்டில் போட்டு, திரைச்சீலை தைத்து, பிள்ளைகுட்டிகளோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்கும் கேமரன் மலைக்கும் போய்த் தங்குகிறார்கள். சாயத்துக்கும் மெத்தைக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்கிறவர்கள், எண்ணெய் மீட்டரை மட்டும் "அது வாங்கும்போதே அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பழைய கொம்பி வாங்குகிறவர்கள் சாயத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த முள்ளைச் சரிபார்க்க வேண்டும் என்பது என் கட்சி. காராக் நெடுஞ்சாலையில், கெந்திங் செம்பா ஏற்றத்தில், பின்னால் லோரிகள் உறுமிக்கொண்டு வரும்போது எண்ணெய் தீர்ந்து நின்றுவிடக்கூடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் காடியின் பிறப்பு சுவையானது. ஹாலந்து நாட்டு வியாபாரி பென் பொன் 1947-இல் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு பெட்டி வடிவம்தான் மூலம். 1950-இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது. முன்கண்ணாடி நடுவில் பிளந்திருக்குமே, அதுதான் முதல் தலைமுறை. 1967-இல் ஒற்றைப் பெரிய கண்ணாடி வைத்த இரண்டாம் தலைமுறை வந்து, ஜெர்மனியில் 1979 வரை தயாரானது. பிரேசிலில் 2013 வரைக்கும் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் தலைமுறையின் ஆரம்பக் காலத்து கொம்பிகளில் எண்ணெய் மீட்டரே கிடையாது. எஞ்சின் இருமத் தொடங்கும், ஓட்டுநர் ஒரு திருகியை இழுத்துவிடுவார், டாங்கியின் அடியில் ஒதுக்கிவைத்த சில லிட்டர் எண்ணெய் இறங்கும், அதற்குள் எண்ணெய் நிலையத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். 1960-களில்தான் மின்சார மீட்டர் வந்தது. நம் பக்கத்தில் இன்று ஓடும் கொம்பிகளில் அநேகம் இரண்டாம் தலைமுறை என்பதால் அதன் மீட்டரையே எடுத்துக்கொள்கிறேன்.

டாங்கி பின்பக்கம், எஞ்சினுக்கு முன்னால், ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கொள்ளளவு 60 லிட்டருக்கு உட்பட்டது. அதன் தலையில் ஒரு குழாய் செங்குத்தாக உள்ளே இறங்குகிறது. சென்டர் என்பது இதைத்தான். குழாய்க்குள் தலைமுடி போல மெல்லிய தடைக் கம்பி, அதைத் தொட்டபடி மேலும் கீழும் நகரும் ஒரு மிதவை. எண்ணெய் நிறைந்திருந்தால் மிதவை மேலே, தடை ஏறக்குறைய 10 ஓம். காலியானால் மிதவை அடியில், தடை 70 ஓமுக்கு மேல். அங்கிருந்து ஒற்றை வயர் வண்டியின் முழு நீளமும் முன்னே ஓடி, ஸ்டீயரிங்குக்கு எதிரே உள்ள மீட்டரில் முடிகிறது.

மீட்டருக்குள் காந்தம் ஏதும் இல்லை. இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி ஒரு சூடேற்றும் கம்பி, அவ்வளவுதான். மின்சாரம் கூடினால் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். தோசைக்கல் மாதிரி, சூடேறவும் ஆறவும் அதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழாமல் சாவகாசமாக ஏறுகிறது, வளைவில் எண்ணெய் அலைமோதினாலும் ஆடாமல் நிற்கிறது. மீட்டருக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் என்ற சின்னப் பெட்டி ஒன்றும் உண்டு. பேட்டரியின் மின்னழுத்தம் கூடிக் குறைந்தாலும் மீட்டருக்குப் போவது ஒரே அளவாக இருக்கும்படி, மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவது அதன் வேலை.

ஆக ஸ்டெபிலைசர், மீட்டர், வயர், சென்டர், கடைசியில் எர்த் எனப்படும் வண்டியின் இரும்பு உடல் என்று ஒரே வரிசை. இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் முள் படுத்துவிடும். பார்வைக்கு எல்லாக் கோளாறும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். "சென்டர் போயிருக்கும்" என்று யாரோ சொல்ல, வெளிநாட்டிலிருந்து சென்டர் தருவித்து, எஞ்சினை இறக்கி மாட்டிப் பார்த்தால் முள் அசையாது. முன்னால் பியூஸ் பெட்டியில் ஒரு பியூஸின் முனை பச்சை பூத்துக் கிடக்கும்.

கிள்ளானில், காப்பார் சாலைப் பக்கம், லோரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பட்டறையில் இந்த வேலையைச் செய்யும் முறையை நின்று பார்த்திருக்கிறேன். தலை நரைத்த வயர்மேன். வந்தது பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வெளிர்நீல கொம்பி. அதன் சொந்தக்காரர் புதுச் சென்டரைப் பெட்டியோடு கையில் வைத்திருந்தார். "அத அப்படியே வையிங்க தம்பி, பிரிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, வயர்மேன் முன்சீட்டில் ஏறி, மீட்டர் பெட்டியைக் கழற்றி முன்னால் சாய்த்தார். சென்டரிலிருந்து வரும் வயரை மீட்டரிலிருந்து உருவினார். ஒரு முழ நீளத் துண்டு வயரின் ஒரு முனையை அந்த இடத்தில் செருகி, மறுமுனையைக் கதவு ஓரத்தில் சாயம் சுரண்டிய ஓர் இரும்பில் வைத்து அழுத்தினார். "சாவியத் திருப்புங்க தம்பி." இளைஞர் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முள் மெல்ல அசைந்தது, காலைக் கடந்தது, அரையைக் கடந்தது, ஃபுல்லை நோக்கி ஏறியது. அங்கே தொட்டதும் அவர் வயரை எடுத்துவிட்டார். அதற்குமேல் வைத்திருந்தால் பட்டை அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுவிடும்.

அந்த அரை நிமிடத்தில் பாதிக் காடி விடுதலையாகிவிட்டது. பியூஸ், ஸ்டெபிலைசர், மீட்டர் மூன்றும் நலம். கோளாறு பின்பக்கம். முள் ஏறாமல் இருந்திருந்தால் கோளாறு முன்பக்கம், டாங்கியைத் தொடவே தேவையில்லை. இரண்டில் ஒன்று. ஒரு துண்டு வயரைத் தவிர எதுவும் செலவில்லை.

இதை வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீட்டருக்கு மின்சாரம் வரும் முனை வேறு, சென்டர் வயர் வரும் முனை வேறு. மாற்றி எர்த் செய்தால் பியூஸ் எரியும். டெஸ்ட் லேம்ப் வைத்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் தரும் பக்கத்தில் லேம்ப் விட்டுவிட்டு மினுக்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, சில பழைய ஆங்கிலேயக் காடிகளில் கணக்கு தலைகீழ். அவற்றில் வயர் அறுந்தால் முள் ஃபுல்லுக்கு ஓடும். நான் சொல்வது கொம்பிக்கு.

வயர்மேன் அடுத்துச் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சீட்டை விட்டு இறங்காமலே, உருவிய அந்த வயரில் மல்டிமீட்டரை வைத்துத் தடையை அளந்தார். சென்டருக்குப் போய் எர்த் வழியாகத் திரும்பும் முழுப் பாதையும் அந்த ஓர் எண்ணில் தெரிந்துவிடும். எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. சுழியை ஒட்டி நின்றால் வயர் எங்கோ தோல் உரிந்து உடலில் படுகிறது. அந்த மாதிரி வண்டியில்தான் முள் எந்நேரமும் ஃபுல் காட்டும். பத்துக்கும் எழுபதுக்கும் இடையில் நின்றால், பத்து லிட்டர் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். எண் இறங்கினால் மிதவை நகர்கிறது, இறங்காவிட்டால் மிதவை சிக்கியிருக்கிறது. அன்று வந்த எண் நூற்றைத் தாண்டியது, அதுவும் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கியது. எந்த நல்ல சென்டரும் அவ்வளவு தடை தராது. "எர்த்து" என்றார் அவர். வேறெதுவும் சொல்லவில்லை.

அவர் சொன்னது சரி. வண்டியின் அடியில், சென்டரின் பழுப்பு வயர் உடலோடு சேரும் திருகு துருவில் மூழ்கிக் கிடந்தது. ஜெர்மன் காடிகளில் பழுப்பு நிறம் எர்த்துக்கு உரியது. திருகைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது முனை வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினார். முள் எழுந்தது. புதுச் சென்டர் பெட்டியோடு பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பிப் போனது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் எர்த் கெடுவதற்குச் சொல்லவா வேண்டும்! ஆண்டு முழுக்க மழை, காற்றில் ஓயாத ஈரம், கிள்ளான் துறைமுகத்தை நெருங்க நெருங்க உப்புக்காற்று வேறு. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தாமான் ஸ்ரீ மூடாவிலும் சுற்றுவட்டாரத்திலும் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். அப்படி நீரில் நின்ற வண்டிகள் வெளியில் காய்ந்து ஓடத் தொடங்கிவிடும், ஆனால் வயர் முனைகளுக்குள் புகுந்த சேறும் ஈரமும் பல மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பழைய காடி வாங்கும்போது அது எங்கே நின்றிருந்தது என்று கேளுங்கள். எர்த் கெட்டால் தடை கூடும், தடை கூடினால் முள் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்கிறதா? அப்படியானால் எர்த்தைப் பாருங்கள்.

சோதனை சென்டரையே குற்றம் சாட்டினால்தான் டாங்கிக்குப் போக வேண்டும். கொம்பியில் அது பெரிய வேலை. எஞ்சினை இறக்கித்தான் டாங்கியை ஒழுங்காக வெளியே எடுக்க முடியும். சிலர் சுருக்குவழியாக, பின்பக்கச் சாமான் தளத்தில் டாங்கிக்கு நேர் மேலே ஒரு சதுரம் வெட்டி மூடி போட்டுக்கொள்கிறார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் டாங்கி உள்ளே இருக்கும்போது கிரைண்டரை வைத்து வெட்டுவது உயிரோடு விளையாடுவது. காலி டாங்கி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். எண்ணெயைவிட அதன் ஆவிதான் சட்டென்று பற்றும். டாங்கியை வெளியே எடுத்து, தூரமாக வைத்துவிட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வெளியே வந்த சென்டரை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மல்டிமீட்டரை மாட்டி, அதை நேராகப் பிடித்தால் 70-க்கு மேல் காட்ட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தால் மிதவை வழுக்கி இறங்கும் ஓசை கேட்கும், எண் பத்தை நோக்கி வர வேண்டும். இடையில் எண் காணாமல் போய்ப் போய் வந்தால், பழைய பெட்ரோல் காய்ந்து கம்பியில் மெழுகு பூசினாற்போலப் படிந்திருக்கிறது. குழாயைத் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையாகத் துடைத்தால் பல சென்டர்கள் பிழைத்துக்கொள்ளும். கம்பி அறுந்திருந்தால் புதுசுதான். மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். எல்லாம் முடிந்ததும், காலி டாங்கியில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கொம்பி 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 லிட்டர் குடிக்கும். அந்தத் தாள் இருந்தால் கால் டாங்கியில் ஈப்போ போய்ச் சேரலாமா, தஞ்சோங் மாலிமிலேயே நிறுத்தி ஊற்ற வேண்டுமா என்று தெரியும்.

இப்போது அந்தப் பெரிய காரணம். முள்ளின் கோளாறைத் தேடிப் பின்பக்கம் போகிறவர், பல ஆண்டுகளாக யாரும் எட்டிப் பார்க்காத இடத்தைப் பார்க்கிறார். டாங்கியிலிருந்து கார்புரேட்டர்வரை எண்ணெய் போகும் ரப்பர் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. பழைய வோக்ஸ்வாகன்கள் தீப்பிடித்து எரிந்துபோவதற்கு அந்தக் குழாய்கள் முக்கியக் காரணம். மேலே துணி பின்னிய ரகமாக இருந்தால் வெடிப்பு வெளியே தெரியாது, துணிக்குள்ளேயே ரப்பர் பொடிந்திருக்கும். விரலால் வளைத்துப் பாருங்கள். கிளிப் போடாமல் செருகியிருக்கிறதா, எஞ்சின் தகரத்தில் குழாய் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா, கார்புரேட்டரில் எண்ணெய் நுழையும் பித்தளைக் குழல் ஆடுகிறதா, மூன்றையும் பாருங்கள். ஒரு மீட்டர் நல்ல குழாயும் நாலு கிளிப்பும் பெரிய செலவில்லை. 1600 சிசி எஞ்சினின் உடல் மெக்னீசியக் கலவையில் வார்த்தது. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் சீறும். ஆகவே குழாயை மாற்றிய கையோடு ஒரு தீயணைப்புச் சிலிண்டரும் வாங்குங்கள். அதைப் பின்பக்கம் எஞ்சின் அருகே வைக்காதீர்கள், ஓட்டுநர் இறங்கும்போது கைக்கு எட்டுகிற மாதிரி முன்சீட்டுக்குக் கீழே மாட்டுங்கள்.