கூட்டாளி வெளியே, துரோகி உள்ளே

(ஜங்லிகாட்டில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசியபடியே தருகிறோம். — ஆசிரியர் குழு)



'அந்நிய ராணுவ உடன்பாடுகளும் நமது தீவுகளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது. ஆனால் இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நம் சங்கப் பத்திரிகையில் சென்ற மாதம் ஓர் உறுப்பினர் கடிதம் எழுதினார். அமெரிக்காவோடு நமது சர்க்கார் செய்துகொண்ட ராணுவ உடன்பாடுகள் இத்தீவுகளுக்கு ஆபத்து, அவற்றை ரத்து செய்ய வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். அது அச்சாகி ஒரு வாரத்திற்குள் அவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம் ஒன்று தயாராகிவிட்டது. அந்தத் தீர்மானத்தில் 'தேசத் துரோகம்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் பழைய காலத்து ஆசாமி. கப்பற்படை பலமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன். 2001-ல் முப்படைக்கும் பொதுவான அந்தமான் நிக்கோபார் கட்டளைத் தலைமையகம் இங்கே அமைக்கப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். 1971 போரில் 'விக்ராந்த்' கப்பல் நமது வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸில் மறைந்து நின்றுதான் வடக்கே போயிற்று என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறவன். எனவே நான் யாருக்கோ வக்காலத்து வாங்க வந்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கடிதம் எழுதிய அன்பர் சில இடங்களில் தவறு செய்திருக்கிறார். 2016 ஆகஸ்டில் கையெழுத்தான உடன்பாட்டை 'ராணுவக் கூட்டணி' என்கிறார். அது கூட்டணி அல்ல. ஒரு நாட்டின் கப்பலும் விமானமும் மற்ற நாட்டின் துறையில் எண்ணெயும் சாமானும் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் ஏற்பாடு. யாருக்கும் தளம் கொடுக்கவில்லை. யாருடைய போரிலும் நாம் சேர வேண்டும் என்ற கடமையும் இல்லை. 2020 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் கண்காணிப்பு விமானம் ஒன்று நம் ஊரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயிற்று, நிஜம்தான். அதற்காக ஊர் அடிமையாகிவிடவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. இப்படிப்பட்ட உடன்பாடுகளுக்குப் பார்லிமெண்டின் ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்கிறார்கள். கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டு, ஐந்தே கால் லட்சம் பேர் இந்த நாட்டுக்கு, மூன்று லட்சம் பேர் அந்த நாட்டுக்கு என்று பிரித்தார்களே, அந்த எட்டேகால் லட்சத்தில் ஒருவரையாவது கேட்டார்களா? மேலே கையெழுத்தானால் கீழே என்ன ஆகும் என்பதை நமக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சரி, இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். அந்நிய ராணுவத்தோடு கூட்டு என்றால் என்ன என்பதை இந்தியாவில் வேறு எந்த ஊரையும்விட நம் ஊர் நன்றாக அறியும்.

1942 மார்ச் 23-ம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்திய சுதந்திர சங்கத்தின் கிளை இங்கே தொடங்கியது. அதன் தலைவராக இருந்தவர் டாக்டர் திவான் சிங். வைத்தியர், பஞ்சாபிக் கவிஞர், ஊரில் மதிக்கப்பட்டவர். அவர் ஜப்பானின் எதிரி அல்ல. ஜப்பான் ஏற்றுக்கொண்ட அமைப்புக்கே தலைவர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1943 ஜனவரியில் டெனிஸ் மக்கார்த்தி என்ற முன்னாள் பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி நீர்மூழ்கிக் கப்பலில் வந்து சிறு குழுவோடு மேற்குக் கரையில் ரகசியமாக இறங்கினார். அவர் காட்டுக்குள்ளிருந்து ஒற்று வேலை பார்த்தார். கடலில் ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. உளவு சொல்வது யார் என்ற கேள்வி ஜப்பானியரைப் பைத்தியமாக்கியது. காட்டில் இருந்த உண்மையான ஒற்றர் அவர்கள் கையில் அகப்படவில்லை. ஊரில் இருந்தவர்கள் அகப்பட்டார்கள். அடித்தால் யாரும் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்குரியவனை அடித்தால் அவன் இன்னும் நான்கு பெயர் சொல்வான். இப்படியே வளர்ந்தது பட்டியல். 1943 அக்டோபரில் திவான் சிங்கையே பிடித்துச் செல்லுலார் சிறையில் அடைத்தார்கள். என்ன குற்றம்? ஒற்றர். மூன்று மாதம் போல் சித்திரவதை செய்தார்கள். 1944 ஜனவரி 14-ம் தேதி அவர் இறந்தார்.

இடையில் என்ன நடந்தது? 1943 டிசம்பர் 29-ம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கே வந்தார். 30-ம் தேதி ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். செல்லுலார் சிறையையும் பார்த்தார். அதே சிறையில்தான் திவான் சிங் குற்றுயிராகக் கிடந்தார். நேதாஜிக்குக் காட்ட வேண்டியதைக் காட்டினார்கள். மறைக்க வேண்டியதை மறைத்தார்கள். அவர் போய் ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை ஒற்றர் என்று சொல்லிச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. வண்டூர் கடற்கரைக்குச் சுற்றுலா போகிற வழியில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்? நானே இங்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன்.

நேதாஜியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அவருடைய தியாகத்தின் முன் நான் யார்? நான் சொல்ல வருவது வேறு. பிறர் படையை நம்பி வந்த தலைவர் எவ்வளவு பெரியவராயினும், அந்தப் படையின் சிறைக்கதவு அவர் சொல்லுக்குத் திறக்காது. 1944 பிப்ரவரியில் ஆசாத் ஹிந்த் சர்க்காரின் சார்பில் இத்தீவுகளுக்குப் பிரதம கமிஷனராக வந்தவர் யார் தெரியுமா? நம்மவர். ஆற்காடு துரைசாமி லோகநாதன். தொழிலால் டாக்டர், பதவியால் கர்னல். போலீஸ் இலாகாவைக் கொடுங்கள் என்று கேட்டார், ஜப்பானியர் கொடுக்கவில்லை. போலீஸ் இல்லாத ஆட்சி என்ன ஆட்சி என்று மற்ற இலாகாக்களையும் ஏற்க மறுத்தார். கடைசியில் அவர் கையில் இருந்தது கல்வி இலாகா. ஊரில் மனிதர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கமிஷனர் பள்ளிக்கூடம் நடத்துகிறார். உடம்பும் கெட்டு, அந்த வருஷமே திரும்பிப் போனார். அவர் பெயரில் இங்கே ஒரு சந்தாவது உண்டா? ரோஸ் தீவுக்கும் ஹேவ்லாக்கிற்கும் நீலுக்கும் 2018-ல் புதுப்பெயர் வைத்தோம். 2024-ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. லோகநாதனை நினைப்பார் இல்லை. அது போகட்டும்.

இதில் நான் படித்துக்கொண்ட பாடம், ஜப்பான்காரன் கெட்டவன் என்பது மட்டும் அல்ல. கூட்டாளி பலவானாக இருந்து நாம் பலவீனராக இருந்தால், கூட்டாளியைக் குறை சொல்கிறவன் உடனே நாட்டின் எதிரியாகிவிடுகிறான். விசுவாசத்தை நாள்தோறும் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க எளிய வழி பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுப்பது. அமெரிக்கக் கூட்டிலும் இது நடந்தது, ரஷ்யக் கூட்டிலும் நடந்தது.

பாகிஸ்தானைப் பாருங்கள். 1954 மே மாதம் 19-ம் தேதி அமெரிக்காவோடு ராணுவ உதவி ஒப்பந்தம் செய்தது. அதே மாதக் கடைசியில் கிழக்கு வங்காளத்தில் தேர்தலில் பெருவெற்றி பெற்றிருந்த பஸ்லுல் ஹக்கின் மந்திரிசபையைக் கலைத்தார்கள். வயது எண்பதைத் தாண்டிய அந்தக் கிழவருக்குக் கிடைத்த பட்டம்? துரோகி. செப்டம்பரில் சீட்டோவிலும் சேர்ந்தார்கள். 1971-ல் அதே கிழக்கு வங்காளம் கைவிட்டுப் போனபோது சீட்டோ எங்கே? சென்டோ எங்கே? 'என்டர்பிரைஸ்' கப்பல் மலாக்கா வழியாக வங்கக் கடலுக்குள் வந்து நின்றுவிட்டுத் திரும்பியது. அவ்வளவுதான்.

நாம் மட்டும் யோக்கியமா? 1971 ஆகஸ்ட் 9-ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் செய்தோம். அந்த டிசம்பரில் பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவின் வீட்டோ நமக்கு உதவியது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அதன்பின் என்ன ஆயிற்று? எதற்கெடுத்தாலும் 'வெளிநாட்டுக் கை' என்று பேச்சு. 1975 ஜூன் 25 இரவு ஜெயப்பிரகாஷ் நாராயணனைப் பிடித்தார்கள், மொரார்ஜியைப் பிடித்தார்கள். பத்திரிகைகள் வெறும் பத்தியோடு வெளிவந்தன. மாஸ்கோ அந்த நெருக்கடி நிலையை ஆதரித்தது. இங்குள்ள வலது கம்யூனிஸ்டுகளும் ஆதரித்தார்கள். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டின் தி.மு.க. சர்க்கார் கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் பட்ட அடியை நான் சொல்ல வேண்டாம். சிட்டிபாபு அதன்பின் உயிர் பிழைக்கவில்லை. எனக்கும் தி.மு.க.வுக்கும் ஒத்துப்போனதே இல்லை என்பது தலைவருக்குத் தெரியும். அடி அடிதானே.

இலங்கையை நான் விட்டுவிட்டுப் போகலாம். விட்டால் நீங்களே கேட்பீர்கள். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. திருகோணமலைத் துறையை இந்தியாவுக்குக் கேடாக எந்த அந்நிய ராணுவத்துக்கும் தருவதில்லை என்று கடிதமும் பரிமாறிக்கொண்டார்கள். அதை ஆதரித்த சிங்கள நடிகர், அரசியல்வாதி விஜய குமாரதுங்காவை 1988 பிப்ரவரியில் சிங்களத் தீவிரவாதிகள் சுட்டார்கள். 1989 ஜூலை 13-ல் அமிர்தலிங்கத்தைச் சுட்டது யார்? தமிழர். வீட்டுக்குள் வந்து, உபசாரத்தை ஏற்றுக்கொண்டு, சுட்டார்கள். அதே செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் டாக்டர் ராஜினி திராணகம. இரண்டு இனத்துக்கும் மொழி வேறு, மதம் வேறு. கொல்வதற்குமுன் உச்சரித்த சொல் மட்டும் ஒன்று. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்; வயதானவனுக்கு இந்தச் சலுகை உண்டு.

இறுதியாக ஒருவரைப் பற்றி. ஜப்பானியர் நம் தீவில் இறங்கிய அந்த மார்ச் மாதத்துக்கு அடுத்த வாரங்களில் சென்னை நடுங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். அந்தச் சமயத்தில் ராஜாஜி, முஸ்லிம் லீகோடு சமரசம் செய்துகொண்டு தேசிய சர்க்கார் அமைத்து ஜப்பானியரை எதிர்க்க வேண்டும் என்றார். பாகிஸ்தான் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மே மாதம் அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் அவர் பக்கம் 15 வாக்கு, எதிர்த்து 120. மும்பை மாதுங்காவில் பேசும்போது அவர்மீது தாரை வீசினார்கள். துடைத்துக்கொண்டு பேசினார். ஜூலையில் காங்கிரசிலிருந்தே வெளியேறினார். வெள்ளைக்காரனுக்கு விலைபோனவர் என்றார்கள். 1948 ஜூனில் அதே ராஜாஜி சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அவர் சொன்னது சரியா தவறா என்று இன்றைக்கும் வாதிடலாம், நான் வாதிட்டிருக்கிறேன். ஆனால் தார் வீசியவனின் பெயர் யாருக்காவது தெரியுமா?

தீர்மானத்தைக் கொண்டுவந்த தம்பி முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருடைய தகப்பனாரும் நானும் 'ஹர்ஷவர்தனா' கப்பலில் ஒரே பங்க்கில் மேலும் கீழுமாகப் படுத்து வந்தவர்கள். மூன்று நாளும் அரசியல் சண்டை. அவர் பரம காமராஜ் பக்தர். நான் சுதந்திராக் கட்சி. ஹாடோ துறையில் இறங்கும்போது என் டிரங்குப் பெட்டியை அவர்தான் தூக்கினார். தம்பி, கோபம் வேண்டாம். அந்தக் கடிதத்துக்குப் பதிலை நீயே எழுது. எங்கே தவறு என்று நான் சொன்னதை எடுத்துக்கொள். அவருக்குக் கொடுத்த அதே அளவு இடம் உனக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் தீர்மானம் இன்றைக்கு வாக்குக்கு வருமானால், எதிர்த்து என் ஒரு கை இருக்கும் என்பதைத் தலைவர் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.