நிறுவையும் புள்ளியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே, இளைஞர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே பேசும்படி எமக்குப் பணிக்கப்பட்டபொழுது, சமயத்தைப் பற்றியோ சமுதாய ஒற்றுமையைப் பற்றியோ பேசுவோமென்று பலரும் எதிர்பார்த்தனர். அவற்றைப் பேசுதற்கு எம்மினும் தகுதியுடையோர் இங்கே வீற்றிருக்கின்றனர். பல்கலைக்கழகத்திலே இன்னும் மாணாக்கராயிருக்கும் யாம், எமக்குத் தெரிந்த ஒரு சிறு விடயத்தையே எடுத்துக்கொண்டோம். பிள்ளை தன் கையாற் செய்த வேலைக்குப் பாடசாலையில் இட்ட புள்ளி பிழையென்று தோன்றினால், தாய் தந்தையர் அதைப் பற்றிக் கேட்கலாமா? கேட்பதாயின் எவ்வாறு கேட்பது? இதுவே விடயம்.

கொழுந்து நிறுவையைப் பற்றி இச்சபையிலுள்ள தாய்மார்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து தராசில் ஏறும்போது கணக்கப்பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் தராசிலேயே நிற்கும். சாக்குக்கென்று இத்தனை, மழையீரத்துக்கென்று இத்தனை எனக் கழிக்கும்போது, "என்னங்கையா, இம்புட்டுக் கழிவு?" என்று கேட்கும் துணிவும் இன்று எம்மவர்க்கு வந்திருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பதனால் வந்த துணிவு அது. வயிற்றுப்பாட்டை நிறுக்கும் தராசிலே கண் வைக்கும் நாம், பிள்ளையின் எதிர்காலத்தை நிறுக்கும் தராசிலே கண் வைக்கின்றோமா? முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வருகிறது. கையொப்பமிடச் சொன்ன இடத்தில் இடுகிறோம். பிள்ளை அதைத் திருப்பிக் கொண்டுபோகிறது. அவ்வளவே.

எழுத்துப் பரீட்சைக்காவது விடைத்தாள் என்று ஒன்று எஞ்சி நிற்கும். செயன்முறை வேலையின் நிலை அவ்வாறன்று. பாடிய பாட்டுக் காற்றோடு போகிறது. ஆடிய அடவு அக்கணமே மறைகிறது. மூங்கிலிலும் மண்ணிலும் செய்த பொருளோ பாடசாலைக் களஞ்சியத்தின் மூலையிற் கிடந்து உடைகிறது. புள்ளி மாத்திரமே நிலைத்து நிற்கிறது. ஆகவே, அப்புள்ளி எங்ஙனம் வந்ததென்ற கேள்வி ஏனைய பாடங்களிலும் இங்கேதான் அதிகம் வேண்டப்படுகிறது.

நமது நாட்டிலே 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்றொரு பாடம் உண்டு. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தங்களோடு பாடசாலை மட்டக் கணிப்பீடும் நாடெங்கும் பரவியது. சாதாரண தரத்திலே சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றுக்குச் செயன்முறைப் பரீட்சை உண்டு. உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு 2013 இல் ஆரம்பமாயிற்று. கைவேலை என்பது இன்று பொழுதுபோக்கன்று. பிள்ளையின் பாதையைத் தீர்மானிக்கும் ஒன்றாகிவிட்டது. 2020 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தபோது, கொவிட் நோயினால் அழகியற் பாடங்களின் செயன்முறைப் பரீட்சையை உரிய வேளையில் நடத்த இயலவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் பெறுபேறுகள் வெளிவந்தன. அழகியற் பாடப் பெறுபேறு மாத்திரம் அவற்றில் இருக்கவில்லை. வருடக்கணக்காய்ப் பாடியும் ஆடியும் பழகிய பிள்ளைகள் அன்றைக்குப் பட்ட மனவேதனையை யாம் நேரிற் கண்டோம்.

இனி எமது கதையொன்றைச் சொல்ல வேண்டும்; அது பெருமைக்குரியதன்று. முன்னொரு காலத்தில் மிஷனரிமார் தொடக்கிய பாடசாலையொன்றிலே யாம் பயின்றோம். ஒரு தவணைக்கு மரப்பெட்டி ஒன்று செய்துவரச் சொன்னார்கள். தச்சுவேலை தெரிந்த எம் மாமனார் அழகாகச் செய்து தந்தார். அதையே யாம் செய்ததென்று கொடுத்தோம். புள்ளி குறைவாக வந்தது. வெட்கமின்றி ஆசிரியரிடம் போய்க் காரணம் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. இரண்டு பலகைத் துண்டுகளையும் உளியையும் எம்முன் வைத்து, "இந்த மூலையை மாத்திரம் பொருத்திக் காட்டு" என்றார். யாம் நின்ற நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்! அன்று தலை குனிந்தோம். எனினும் ஒன்று கற்றோம்: எம் கேள்விக்கு அவர் மறுமொழி தந்தார், அம்மறுமொழி பொருளிலே இருந்தது, அதிகாரத்திலே இருக்கவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, 9 ஆம் தரத்தில் படிக்கும் சிறுமி ஒருத்தியின் தாயார் எம்மிடம் வந்தார். அவர் கொழுந்தெடுப்பவர். சூழலிற் கிடைக்கும் பொருளைக் கொண்டு பயனுள்ள ஒன்றைச் செய்க என்பது பிள்ளைக்குத் தந்த வேலை. தாத்தாவிடம் பழகி, மூங்கில் கீறி, சிறிய கொழுந்துக்கூடை ஒன்றைப் பின்னிக் கொடுத்திருக்கிறாள். புள்ளி நூற்றுக்கு 38. பட்டணத்துக் கடையிலே வாங்கிய பிளாஸ்டிக் பூக்களைச் சாடியிற் செருகிக் கொண்டுபோன பிள்ளைக்கு 80க்கு மேல். கூடை வீட்டுப் பெரியவர் செய்து கொடுத்ததென்று வகுப்பிலே பேச்சும் உண்டு.

"போயி கேப்போம் அக்கா" என்றோம். அத்தாயார் சொன்ன வார்த்தை இன்னும் எம் காதில் ஒலிக்கிறது.

"கேட்டா, அப்புறம் புள்ளைய ஒதுக்கி வச்சிருவாங்களே தம்பி!"

பெரியோர்களே, இவ்வச்சம் ஒருநாளில் வந்ததன்று. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்திலே பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பைத் துரைமாரிடமே ஒப்படைத்தது. 1945 இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1948 இல் குடியுரிமையே பறிபோயிற்று. 1977க்குப் பின்னரே அப்பள்ளிக்கூடங்கள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. இத்தனை காலம், பள்ளிக்கூடம் என்பது பிறர் இட்ட பிச்சையாகவே நம் முன்னோர்க்குத் தோன்றிற்று. பிச்சையில் அளவு கேட்பார் உண்டோ? ஆனால் இன்று அது பிச்சையன்று, உரிமை. உரிமையான இடத்தில் அளவு கேட்பது அவமரியாதையும் அன்று.

அத்தாயார் ஒருநாட் பேரை இழந்து எம்மோடு வந்தார். ஆசிரியை எம்மை அமரச் செய்தார். புள்ளிப் புத்தகத்தை எடுத்தார். திட்டமிடல், கைத்திறன், பொருளின் பயன், வேலைக் குறிப்பேடு எனப் பகுதிகள் இருந்தன. கைத்திறன் என்ற இடத்திலேதான் பெரிய வெட்டு. தாயார் பணிவோடு சொன்னார்: "எம்புள்ள கையப் பாருங்க டீச்சர். மூங்கி கிழிச்ச காயம் இன்னும் ஆறல." ஆசிரியை சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் மீந்து கிடந்த மூங்கிற் சிம்புகளைக் கொணர்வித்துப் பிள்ளையின் முன் வைத்து, மூன்று சுற்றுப் பின்னச் சொன்னார். அவள் தரையில் அமர்ந்து, காலாற் பிடித்துக்கொண்டு, ஐந்து சுற்றுப் பின்னினாள். எம்மை அன்று தலைகுனிய வைத்த அதே சோதனை, அவளைத் தலைநிமிர வைத்தது!

அங்கேயே கைத்திறனுக்குரிய புள்ளி திருத்தப்பட்டது. ஆனால் குறிப்பேட்டிலே அவள் படிமுறைகளை எழுதவில்லை. அந்தக் குறைவு அப்படியே நின்றது, அது நியாயமே. முடிவில் வந்தது 61. ஆசிரியையும் மனம்விட்டுப் பேசினார்: மூன்று வகுப்புக்கள், நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள், பார்க்க இரண்டே நாட்கள். "பெற்றார் ஒருவரும் வந்து கேட்பதில்லை. கேட்டாற்றானே எங்களுக்கும் பிழை தெரியும்?" என்றார்.

திரும்பி வருகையில் தாயார் சொன்னார்: "அறுவத்தொண்ணு பெருசில்ல தம்பி. எங்க கொறஞ்சதுன்னு தெரிஞ்சிருச்சு, அது போதும்."

இதிலும் தெளிவாக இவ்விடயத்தை யாம் சொல்லல் இயலாது.

நம் சமயத்தார் அறிந்த திருவிளையாடல் ஒன்றும் இதனையே உணர்த்துகிறது. பாண்டியனின் பொற்கிழிக்குத் தருமி கொண்டுவந்த பாடலிலே நக்கீரர் குற்றங் கண்டார். பாடலை இயற்றித் தந்தவர் சோமசுந்தரக் கடவுள். அவரே புலவராய்ச் சங்கத்துக்கு எழுந்தருளி, என்ன குற்றமென்று கேட்டார். பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லையென்று நக்கீரர் காரணம் சொன்னார். இதுவரை நடந்தது எவ்வளவு செம்மை! இறைவனே ஆயினும், குற்றம் எதுவென்று கேட்டறிய வந்தார். மதிப்பிட்டவரும் மறைக்காமற் காரணம் சொன்னார். அதற்கப்பால் நெற்றிக்கண் திறந்தது. நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார். இறைவன் திருவிளையாடலைக் குறைகூற யாம் வரவில்லை. மானிடராகிய நமக்கு அதிலே ஒரு பாடம் உண்டு: கேட்பதற்கு வருவோம், நெற்றிக்கண்ணோடு வராதிருப்போம். அரசியல்வாதியைக் கொண்டு தொலைபேசியிற் பேசுவித்தலும், தொழிற்சங்கத்தின் பெயரால் அதட்டுதலும் நெற்றிக்கண்ணே. அவ்வாறு பெற்ற புள்ளி பிள்ளையின் திறமைக்குச் சான்றாகாது. அடுத்த வரிசையில் நிற்கும் ஏழைப் பிள்ளைக்கு அநீதியுமாகும்.

பிற நாடுகளும் இவ்வழியையே நாடியிருக்கின்றன. இங்கிலாந்திலே பாடசாலை இட்ட செயன்முறைப் புள்ளியைப் பரீட்சைச் சபைக்கு அனுப்புமுன் மாணாக்கருக்கு அறிவித்தல் வேண்டும். அவர் கேட்டால், முன்னர் அவ்வேலையைத் திருத்தாத வேறோர் ஆசிரியர் மீண்டும் பார்த்தல் வேண்டும். இந்தியாவிலே விடைத்தாளை மாணவர் பார்வையிடும் உரிமையை 1984 இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தகவல் அறியும் சட்டம் 2005 இல் வந்த பின்னர், 2011 ஓகஸ்ட் 9 ஆந் திகதி, திருத்திய விடைத்தாளை மாணவர் பார்வையிடலாமென்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபடி புள்ளியிடும் உரிமையை அது தரவில்லை. பார்க்கும் உரிமையைத் தந்தது. பாதி ஐயம் பார்த்தவுடனே தீரும் என்பதை நாம் மூங்கிற் கூடையிலே கண்டோமல்லவா?

இலங்கையிலும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையிலிருக்கிறது. விண்ணப்பித்தால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுள் தீர்மானித்தல் வேண்டும். பரீட்சையின் நேர்மைக்கு ஊறு செய்யும் தகவலை மறுக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் சட்டம் கடைசிப் படியாகவே இருக்கட்டும். முதற் படி வகுப்பறை வாசல். அடுத்தது அதிபர். அதற்கும் மேல் வலயக் கல்விப் பணிமனை. ஒவ்வொரு படியிலும் கடிதம் ஒன்று, அதன் பிரதி ஒன்று கையில் இருத்தல் நலம்.

இளைஞர்களே, இச்சங்கம் செய்யக்கூடியவை என்று மூன்றை விண்ணப்பிக்கின்றோம். தவணைத் தொடக்கத்திலேயே செயன்முறை வேலைக்குப் புள்ளி எவ்வெப் பகுதிக்கு எவ்வளவு என்று கேட்டு, லயங்களிலுள்ள பெற்றாருக்கு எடுத்துச் சொல்லுவோம். பிள்ளை வேலை செய்யும்போதே கைத்தொலைபேசியிற் படம் எடுத்து வைக்கவும், குறிப்பேடு எழுதவும் பழக்குவோம். அந்தச் சிறுமி இழந்த புள்ளி அங்கேதான். புள்ளி பிழையென்று ஐயுறும் தாயார் தனியே போக அஞ்சினால், மாதம் ஒருநாள் நம்மில் ஒருவர் உடன் போவோம். பேசுவதற்கன்று, பக்கத்தில் இருப்பதற்கு.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்களில் ஆசிரியராய் இருந்தோர் பலர். கேட்க வரும் தாயை எதிரியென்று எண்ணாதிருக்க இளம் ஆசிரியர்க்குச் சொல்லுங்கள். கேட்கப் போகும் எமக்கும், புள்ளி சரியென்று காட்டினால் வணங்கி ஏற்றுத் திரும்பச் சொல்லுங்கள். குருவை மதிப்பதும் அளவைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மாலை நிறுவைக்கு மலையிலிருந்து இறங்கும் அந்தத் தாயார் இன்றும் தராசைப் பார்த்தே நிற்பார். இப்போது அவர் தம் மகளின் முன்னேற்ற அறிக்கையையும் அவ்வாறே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார், பகுதி பகுதியாக. மற்றைய லயங்களிலும் அக்குரல் கேட்க வேண்டும். அதற்குரிய வேலையை இவ்வாண்டே தொடங்குவோமாக.