புத்தாண்டும் பழைய நோட்டுப் புத்தகமும்



புத்தாண்டு பிறந்தால் நம் வீடுகளுக்குப் புதியன பல வந்து சேர்கின்றன. சுவரில் புதிய நாட்காட்டி தொங்குகிறது. வாசலில் புதிய தோரணம் ஆடுகிறது. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் வருகிறது. அதற்குத் தீர்மானம் என்று பெயர். "இன்று முதல் சீனியைக் கையால் தொடமாட்டேன்" என்கிறார் ஒருவர். "நாளை முதல் தினமும் 5 மைல் ஓடப்போகிறேன்" என்கிறார் மற்றொருவர். "பாதியில் விட்ட கதையை இந்த ஆண்டு எப்படியும் முடித்துவிடுவேன்" என்கிறாள் ஒரு பெண்பிள்ளை. நாட்காட்டியில் இரண்டாம் மாதத்தின் தாளைத் திருப்பும்போது, இந்தத் தீர்மானங்களில் எத்தனை மிஞ்சுகின்றன? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இதற்கு என்ன காரணம்? நமக்கு மன உறுதி போதவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். விடியுமுன் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் காட்டுக்குள் போய் உழைத்த குடும்பங்களுக்கு உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? குறை உறுதியில் இல்லை. நாம் எடுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கிறது. இந்த அளவைப் பற்றி நமக்குப் பாடம் சொல்லக்கூடிய ஆசிரியர் ஒருவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். அவர்தாம் பால் மரம்.

பால் மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதன்று. இன்று செம்பனைக் காட்டிலும் பட்டணத்துத் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில், ஒரு வெட்டுக்கு உளி சீவி எடுக்கும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். மழை நாட்களையும் ஓய்வு நாட்களையும் கழித்து, ஆண்டுக்கு 150 வெட்டு என்று கணக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் வெட்டுக்கோடு 22 செண்டிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கியிருக்கும். அதாவது ஒரு சாண். நூலிழை போலச் சீவியது ஓராண்டில் ஒரு சாண் ஆகிவிடுகிறது.

அவசரக்காரர் ஒருவர் உளியை ஆழமாக இறக்கினால் என்ன நடக்கும்? அன்றைக்கு மங்கில் பால் கொஞ்சம் அதிகம் விழலாம். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் உயிருள்ள மெல்லிய படலம் காயப்பட்டுவிடும். மீண்டும் வளரும் பட்டை மேடும் பள்ளமுமாக முடிச்சு விழுந்து போகும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரே நாளில் சீனியை அடியோடு நிறுத்துவதும், முதல் நாளே 5 மைல் ஓடுவதும் இப்படி ஆழமாக வெட்டுகிற வேலைதான். மூன்றாம் நாள் உடம்பு வலிக்கிறது. நான்காம் நாள் மனம் கசக்கிறது. ஐந்தாம் நாள் உளியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

பால் மரம் சொல்லும் பாடம் இன்னொன்றும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில், ஏறக்குறைய பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடுகின்றன. காடே புதிதாகத் தோன்றும். ஆனால் வெட்டுக்காரர் புதிய இடத்தில் கோடு போடுவதில்லை. சென்ற வெட்டு எந்தக் கோட்டில் நின்றதோ, அந்தக் கோட்டிலிருந்துதான் தொடர்கிறார். புத்தாண்டும் நமக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். இலை புதியதாகட்டும், வெட்டு, நின்ற கோட்டிலிருந்து தொடரட்டும்.

நம் வீடுகளில் அப்படி நின்றுபோன கோடுகள் எத்தனை! அலமாரிக்குள் பாதிப் பூவோடு நிற்கும் தையல் துணி. கோயில் திருவிழாவுக்கு எழுதத் தொடங்கி இரண்டாம் காட்சியில் நின்ற நாடகம். வானொலிக்கு அனுப்ப நினைத்த சிறுகதை. இவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். அது நம் பாட்டி தாத்தாவின் கதையை எழுதத் தொடங்கிய நோட்டுப் புத்தகம். "என் தாத்தா" என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால், பிள்ளைகள் ஆர்வத்தோடு வீட்டில் கேட்டு எழுதி வருகிறார்கள். கட்டுரைக்குப் புள்ளி கிடைத்ததும் கேள்வி நின்றுவிடுகிறது. தாத்தா கப்பல் ஏறியதோடு கதை நிற்கிறது. அவர் இன்னும் கரை இறங்கவில்லை!

எழுதி முடியாமல் நின்ற நூல்கள் பெரியவர்களிடமும் உண்டு. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை 'என் சரித்திரம்' என்று எழுதிவந்தார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றது. 1954இல் கல்கி மறைந்தபோது அவருடைய 'அமரதாரா' என்னும் தொடர்கதை பாதியில் இருந்தது. அதை அவருடைய மகள் ஆனந்தி, தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு எழுதி முடித்தார். இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. குறிப்பு இருந்தால் மகள் முடிக்கலாம், பேத்தியும் முடிக்கலாம். குறிப்பே இல்லாமல் போனால் யார் முடிப்பது?

இந்தக் கேள்வி நம்மை அவசரமாகத் தொடுகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பி வரவில்லை. ஆர். சண்முகம் போன்ற நம் நாட்டு எழுத்தாளர்கள் அந்தத் துயரத்தை நாவலாக எழுதிவைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு லயத்திலும் ஒரு தனிக்கதை இருந்தது. அப்பா போன வழியைப் பார்த்துக்கொண்டே நின்ற 10 வயதுச் சிறுமிக்கு இன்று வயது 90ஐத் தாண்டிவிட்டது. ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கத்தில் தன் ஓட்டத்தை நிறுத்தியது. அதில் தாயின் இடுப்பில் வந்த குழந்தைகளும் இன்று பாட்டி தாத்தாக்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, இடத்தின் பெயர்கூட மாறிப்போன பிறகு, அந்த வாழ்க்கை இருந்ததற்குச் சாட்சி இவர்களுடைய நினைவுதான்.

நினைவை வைத்திருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கேதான் நல்ல பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், 100க்கு 31 பேர். இனிப்பு நீர் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, அது தங்களுக்கு இருப்பதே தெரியாது! இந்த நோய் ஓசையில்லாமல் வேலை செய்கிறது. இரத்தத்தில் கூடிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நீடித்தால், கண்ணின் உட்புறத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. நரம்புகள் கெட்டுக் காலும் விரலும் மரத்துப்போகின்றன. பாதிப் பூவில் நின்ற தையலை முடிக்கக் கண் வேண்டும், விரல் வேண்டும். ஆகவே, நின்றுபோன வேலையும் உடல்நலமும் இரண்டு தனித்தனித் தீர்மானங்கள் என்று எண்ணாதீர்கள். உளி துருப்பிடித்துவிட்டால் வெட்டு எங்கே தொடரும்?

தேத்தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஒருவர் நாளைக்கு 4 குவளை தேத்தண்ணீர் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குவளைக்கு 2 தேக்கரண்டி சீனி. அதில் ஒரு கரண்டியைக் குறைத்தால் போதும். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். 4 குவளைக்கு 16 கிராம். ஓராண்டில் அது ஏறக்குறைய 6 கிலோ! ஒருவருடைய உடம்புக்குள் போகாமல் தடுத்த சீனி இது. அந்த ஒரு கரண்டியையும் முதல் நாளே குறைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் அரைக்கரண்டி, பிறகு இன்னும் அரைக்கரண்டி என்று இறங்குங்கள். நாக்கும் பழகிக்கொள்ளும். டின் பால் ஊற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாலில் ஏறத்தாழ பாதி சீனிதான். அதை ஊற்றிவிட்டு மேலும் சீனி போடுவது, உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்பைக் கொட்டுவது போல.

அடுத்தது நடை. வெட்டுக்காட்டில் வேலை செய்த காலத்தில் நடையைத் தேடிப்போக வேண்டியதில்லை, வேலையே நடைதான். இன்று தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட பெரியவர்கள் நாற்காலியிலும் தொலைக்காட்சி முன்னாலும் அமர்ந்துவிடுகிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். அதற்கு முடியாதவர்கள் இரவு உணவுக்குப் பின் 10 நிமிடம் மெதுவாக நடந்தாலும் நன்மைதான். உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அந்தச் சிறு நடை குறைக்கிறது.

இப்போது இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவோம். பேரப்பிள்ளைகளே, ஒருநாள் விட்டு ஒருநாள், இரவு உணவுக்குப் பின், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டெதிரே 10 நிமிடம் நடங்கள். நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எந்தத் துறைமுகத்தில் ஏறினீர்கள், பாட்டி?" அடுத்த முறை, "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?" அதற்கடுத்த முறை, "ஆயக்கொட்டகையில் எங்கள் அப்பா எப்படி இருப்பார்?" வீட்டுக்கு வந்ததும் நான்கே வரி எழுதுங்கள். பாட்டி சொன்ன சொல்லையே எழுதுங்கள். அவர் பெரட்டு என்று சொன்னால் பெரட்டு என்றே எழுதுங்கள்; அதைத் திருத்த வேண்டாம். ஆண்டுக்கு 180 நாள், நாளுக்கு 4 வரி. 720 வரி ஆகிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு 24 வரி என்றால், அடுத்த புத்தாண்டுக்குள் 30 பக்கம் நிறைந்துவிடும். தாத்தா கரை இறங்கியிருப்பார். மரம் வெட்டத் தொடங்கியிருப்பார். பாட்டியைப் பெண் பார்க்கவும் போயிருப்பார்!

"அதெல்லாம் எதுக்குடா இப்போ?" என்று பெரியவர்கள் மறுப்பதுண்டு. வற்புறுத்தாதீர்கள். சயாமுக்குப் போனவர்களைப் பற்றிய நினைவு இன்னும் ஆறாத புண்ணாக இருக்கலாம். அன்றைக்குப் பேசாமல் நடந்துவிட்டு வாருங்கள், நடை வீணாகாது. "எனக்கு எழுதத் தெரியாதே" என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்துவைத்தாலும் நல்லதே. ஆனால் பதிந்ததைக் கேட்டு எழுதிவைக்க மறக்காதீர்கள். தொலைபேசி பழுதானால் குரலும் போய்விடும்.

வீட்டில் பெரியவர்கள் இல்லாதவர்கள் தங்கள் தையலையோ நாடகத்தையோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஓர் இதழ், ஒரு நாளைக்கு ஓர் உரையாடல். அளவு ஒன்றுதான்.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இனிப்பு நீருக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது. உணவையும் நடையையும் மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதுவரை சோதித்துப் பாராதவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். இரண்டாவது எச்சரிக்கை: ஒருநாள் தவறினால் வேலை கெட்டுவிட்டது என்று கைவிடாதீர்கள். மழை பெய்தால் அன்று மரம் வெட்டுவதில்லை. அதற்காக யாரும் மரத்தையே விட்டுவிடுவதில்லை. மழை விட்டதும் அதே கோட்டில் உளியை வைக்கிறார்கள்.

நேயர்களே, இந்தப் புத்தாண்டில் புதிய தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இன்றிரவு அலமாரியைத் திறந்து, பாதியில் நின்ற அந்த நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டு நான்கு வரி எழுதுங்கள். அருகில் இருக்கும் தேத்தண்ணீரில் சீனி அரைக்கரண்டி குறைவாக இருக்கட்டும்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.