குழாய் வைத்த குழந்தைக்குக் காய்ச்சல்

(சேலத்தில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விவாகம், கல்வி நிதி முதலியவற்றைப் பற்றியே பேசி வந்த இம்மேடையில், இன்று ஒரு நோயைக் குறித்துப் பேச முன்வந்திருக்கிறோம். இராசிபுரத்துப் பக்கம் எமக்கு உறவான ஒரு வீட்டில், தலையில் நீர் கோத்த ஆண்குழந்தைக்கு ஷண்ட் என்னும் குழாய் வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதஞ் சென்று காய்ச்சல் கண்டது. பல் முளைக்கும் காய்ச்சல் என்றார் ஒருவர். கண் திருஷ்டி என்றார் மற்றொருவர். யாமும் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னோம். ஐந்து நாள் வீணாயிற்று. குழந்தை பிழைத்தது; ஆயினும் அதன் பேச்சு இன்றளவும் திருந்தவில்லை. அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. ஆதலின் இப்பேச்சு.

மூளையின் உள்ளறைகளில் தெளிந்த நீர் இடைவிடாது ஊறுகிறது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர். மதகு அடைபட்ட ஏரிபோல், அந்நீர் செல்லும் வழி அடைபட்டால் தலை பருக்கும். பிறவிக்கோளாறு, தண்டுவடப் பிளவு, மூளையில் இரத்தக்கசிவு, மூளைச்சவ்வைப் பற்றும் க்ஷயம் முதலியன இதற்குக் காரணம். தோலுக்கடியில் தலையிலிருந்து வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாய் அந்நீரை வடிக்கிறது. 1956-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், இந்நோயுற்ற தம் மகனுக்காக ஜான் ஹோல்ட்டர் என்னும் இயந்திரத் தொழிலாளி இதற்கொரு வால்வு செய்தார். நம் நாட்டில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டாக்டர் உபாத்யாயா மலிவான ஷண்ட் ஒன்றை உருவாக்கினார். தமிழ்நாட்டிலோ, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் இராமமூர்த்தியும் மூளை அறுவைத்துறையைத் தொடங்கினர்.

இனி ஆபத்து யாதெனில், நம் தோலில் சாதுவாய் வாழும் கிருமியே அறுவையின்போது குழாயில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அது பாசிபோல் படலம் விரித்து அதனுள் மறைவதால், மருந்து அதனை எளிதில் எட்டாது. ஆகவே பெரும்பாலும் பழைய குழாயை நீக்கி, நீரைத் தற்காலிகமாக வெளியே வடித்து, கிருமிக்கொல்லி மருந்தளித்து, நீர் தூய்மையான பின்னரே புதுக்குழாய் வைப்பர். இத்தொற்று பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தோன்றும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,600-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவின்படி, சாதாரணக் குழாயில் நூற்றுக்கு 6 பேருக்கு வந்த தொற்று, மருந்தூட்டிய குழாயில் 2 பேருக்கே வந்தது. அறுவைக்கு முன் இதனை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

காய்ச்சல், ஓயாத வாந்தி, தலைவலி, தூக்கமயக்கம், உச்சிக்குழி புடைத்தல், கண்மணி கீழிறங்கி நிற்றல், குழாய் செல்லும் வழி சிவத்தல், வயிறு வலித்தல் அல்லது உப்புதல், வலிப்பு: இவற்றுள் ஒன்று காணினும் அன்றே மூளை அறுவை மருத்துவரிடம் செல்லுக. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மருந்தைக் கொடுத்துக் காத்திருத்தல் கூடாது. வெகுதூரம் போகவேண்டுவதில்லை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அப்பிரிவு உளது.

சபையோர்களே! இத்தகைய குழந்தையை விசேஷங்களுக்கு அழைத்து வராமல் மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மறைப்பதனால் நோயும் மறைந்தே முற்றுகிறது. அவ்வீட்டார்க்கு நள்ளிரவிலும் வண்டி கிடைக்க நம் சங்க நிதியில் ஒரு சிறு தொகை ஒதுக்கவேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். யாம் இழந்த ஐந்து நாளை இனி எவ்வீட்டாரும் இழவாதிருப்பாராக.