பற்றாக்குறை கஜானாவிலா, நம் அடுப்படியிலா?

(சங்கத்தின் கிராமப் பிரச்சாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



டெல்லியில் ஒரு வார்த்தை அடிக்கடி சொல்றாங்க. "நிதிப் பற்றாக்குறை". அரசாங்கத்துக்கு வரவு குறைச்சல், செலவு கூடுதல், அதனால சிக்கனம் பிடிக்கணும்கிறாங்க. 2003-ல் இதற்கென்றே நிதிப் பொறுப்புச் சட்டம் போட்டார்கள். சிக்கனம் வேண்டாம்னு நாம சொல்லலை. எப்போ சிக்கனம், யார் வயித்துல சிக்கனம், இதுதான் நம்ம கேள்வி.

மழை பொய்த்த வருஷம் சம்சாரி என்ன செய்வான்? கடனாளி ஆகிடுவோம்னு விதைநெல்லைக் குத்தித் தின்பானா? கைமாத்து வாங்கியாவது கிணத்தைத் தூர்வாருவான். அடுத்த வெள்ளாமையில் அடைப்பான். அந்தப் புத்தி அரசாங்கத்துக்கு வேண்டாமா?

தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டன் பூட்டன் சொல்லக் கேட்டிருப்பீங்க. 1877-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினான். எதுக்கு? பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க! நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும்னு கூலியை வெட்டினான். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோ கூடக் கிடையாது. தென்னிந்தியாவில் அரைக் கோடிப் பேருக்கு மேல் அந்தப் பஞ்சத்தில் மாண்டார்கள். அதே பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினதுதான் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. கொடுத்த வேலை கால்வாயா நின்னுச்சு. வெட்டின கூலி பிணமா விழுந்துச்சு.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2005-ல் வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் முதல் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறும் அதில் இருந்தன. 2020-ல் கொரோனா வந்து ஊரே முடங்கிச்சே, அப்போ யார் கை கொடுத்தது? நூறு நாள் வேலைதான். 2020-21-ல் நாடு முழுக்க ஏழரைக் கோடிக் குடும்பம் வேலை பார்த்தது. செலவு ரூ.1.11 லட்சம் கோடி. அந்த வருஷம் நிதிப் பற்றாக்குறை 9.2 சதவீதம். நாடு கவிழ்ந்தா போச்சு?

ஆபத்து தணிஞ்சதும் கத்திரியை எடுத்தாங்க. 2023-24 பட்ஜெட்டில் இதற்கு ரூ.60,000 கோடிதான் ஒதுக்கினார்கள். வேலை கேட்டு ஜனம் வரவே, அந்த வருஷமே ரூ.86,000 கோடியாக ஏத்த வேண்டியதாச்சு. 15 நாளில் கூலி தரணும்னு சட்டம் இருந்தும், 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மாதக் கணக்கில் கூலி பாக்கி.

பணம் இல்லையா? 2019 செப்டம்பரில் பெரிய கம்பெனிகளுக்கு வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். இதனால் வருஷத்துக்கு ரூ.1.45 லட்சம் கோடி வரவு போகும்னு நிதியமைச்சரே சொன்னார். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு பட்ஜெட்டில் போட்டது ரூ.60,000 கோடி! கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தப்போ பற்றாக்குறை ஞாபகம் வரலை. நமக்குக் கூலி கொடுக்கும்போதுதான் வருது.

"நூறு நாள் வேலையால களை எடுக்க ஆள் கிடைக்கலையே"ன்னு நம்மிலேயே சிலர் கேக்கறீங்க. கஷ்டம் உண்மைதான், மறைக்க வேண்டாம். ஆனா அந்த வேலைக்குப் போறது யாரு? ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வெச்சிருக்கிற நம்ம வீட்டுப் பெண்களும்தானே! அந்தக் கூலி எங்கே போகுது? சந்தையில் நம்ம கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் பாலுக்கும்தான் வருது. கூலிக்காரன் கை காலியானா நம்ம விளைச்சலை வாங்க ஆள் ஏது?

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். நாள் 100 இல்லை, 125 என்கிறார்கள். ஆனா மாநிலத்துக்கு இவ்வளவுதான்னு டெல்லி முன்கூட்டியே அளந்து கொடுக்கும். மேலே போனா மாநிலம்தான் பார்த்துக்கணும். முன்னே கூலி முழுக்க மத்திய அரசு கொடுத்தது. இப்போ செலவில் 40 சதவீதம் தமிழ்நாட்டின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலை கிடையாது. அந்த அறுபது நாளில் மழை ஏமாத்தினா வயல் வேலையும் இல்லை, அரசு வேலையும் இல்லை! பற்றாக்குறையை ஒழிக்கலை. டெல்லிக் கஜானாவிலிருந்து நம்ம அடுப்படிக்கு மாத்தியிருக்காங்க.

ஆகவே நாம் கேட்பது:

1. வேலை கேட்டவருக்கெல்லாம் வேலை. நிதிக்கு உச்சவரம்பு கூடாது.
2. கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்க வேண்டும்.
3. 15 நாளுக்குள் கூலி. தாமதமானால் நஷ்டஈடு.
4. எப்போது வேலை, எப்போது நிறுத்தம் என்பதைக் கிராம சபை முடிவு செய்ய வேண்டும்.
5. சிறு, குறு விவசாயி நிலத்தில் பண்ணைக்குட்டை, வரப்பு வேலைகளைக் கூடுதலாக எடுக்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாங்க. இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்க. எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. தனியா நின்னா மனு, கூடி நின்னா போராட்டம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!